பகல் பாங்கில் ஒரு விடியல் வரி

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவில் மோதினார் சிராஜுதீனின் குரல் கேட்காத வீடு கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிவாசலில் ஐந்து நேரமும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவர். அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா சொன்னார். சிராஜுதீனுக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. பத்து வருஷமாகச் சுகர் உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு. மற்றபடி அல்லாஹ் கொடுத்த உடம்பில் குறை ஒன்றுமில்லை என்றுதான் இருந்தார்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை லுஹர் நேரம். மத்தியானப் பாங்கு சொல்லும்போது, 'தூக்கத்தை விடத் தொழுகை மேலானது' என்ற அரபு வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அது விடியற்காலைப் பாங்குக்கு மட்டும் உரிய வரி. உச்சி வெயிலில் ஒலிபெருக்கி அதைச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தொழுகை முடிந்து வெளியே வந்தவரை டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"என்னவே மோதினாரே, மதியச் சோறே இன்னும் திங்கல. அதுக்குள்ள எங்களத் தூங்குதோம்னு சொல்லுதீரே?"

"நானா சொன்னேன்?"

"ஊரே கேட்டுச்சுவே."

சிராஜுதீனும் சிரித்து வைத்தார். ஆனால் அந்த வரி தன் வாயிலிருந்து வந்ததே அவருக்கு நினைவில்லை. உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது, காரணம் தெரியாத பயமும் இல்லை அது. வாப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அறுபத்து மூன்றாம் வயதில் சாயங்கால அஸர் பாங்கில் இதே வரியைச் சொன்னார். அப்போதும் தெரு சிரித்தது. அடுத்த வருஷம், எப்போதோ மவுத்தாகி அடக்கமாகிவிட்ட, தன்னைப் பெற்ற உம்மாவை வீடு வீடாகத் தேடினார். பேட்டையில் இருந்த வாப்பாவின் அக்காவுக்கும் கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை.

வாப்பா ஒருநாள் பாதிப் பாங்கில் நின்றுவிட்டார். இனி அவரைப் பாங்கு சொல்ல விடக்கூடாது என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் முடிவு செய்தார்கள். மைக் அறையைப் பூட்டியது சிராஜுதீன்தான். வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரோ தினமும் விடியுமுன் கை கால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பார்.

"சாவி எங்கலே?"

"தொலைஞ்சு போச்சு வாப்பா."

பதினொரு நாள் அப்படி வந்தார். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. மகன் சொன்ன பொய் மட்டும் இத்தனை வருஷமும் மகனிடமே தங்கிவிட்டது.

அன்று சிராஜுதீன் வீட்டுக்கு வந்தபோது மனைவி மீராள் இலை பரப்பிய சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பாங்கு கேட்கும்போதெல்லாம் அதற்குரிய பதிலை முணுமுணுப்பது அவள் வழக்கம்.

"நீயும் கேட்டியா?"

"கேட்டேன். என் நாக்கும் விடியக்கால சுபுஹுக்குச் சொல்லுத பதிலச் சொல்லிருச்சு. பொறவுதான் வெயிலப் பாத்தேன்" என்றாள். அவர் முகம் போன போக்கைக் கண்டு சொளகை இறக்கி வைத்தாள். "வாப்பாவ நெனைக்கீங்களாக்கும். நாளைக்குப் பாளையங்கோட்டைக்கு டாக்டரப் பாக்கப் போவோம்."

துபாயில் வேலை பார்க்கும் மகன் சல்மான் ஃபாரிஸ் விஷயம் கேட்டு அன்றே செய்தி அனுப்பினான். அந்த மறதி நோய் வருமா என்று ரத்தத்தில் ஜீனைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். வாப்பா எடுத்தால் நல்லது, தனக்கும் தெரிய வேண்டும் என்று. அதைப் படித்ததும் சிராஜுதீன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். அப்படியானால் இது தன்னோடு முடிகிற காரியம் இல்லையா, மகன் வரைக்கும் போகுமா?

பாளையங்கோட்டையில் டாக்டர் மதுமதி பொறுமையாக விசாரித்தார். ஐந்து வார்த்தை சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நான்கு வந்தது. ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். சிராஜுதீன் முள்ளைப் பன்னிரண்டரையில் வைத்தார். அது லுஹர் நேரம். ரத்தம் எடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி வரச்சொல்லி விவரம் சொன்னார்.

"சுகர் மாத்திரை ரொம்ப வருஷமாச் சாப்பிடுறீங்க. பி12 சத்து குறைஞ்சிருக்கு. அதுவும் மறதி கொடுக்கும், ஊசி போட்டுச் சரி பண்ணலாம்."

"வாப்பாவோட நோய் எனக்கு வருமாம்மா?"

"அப்பா, அத்தை ரெண்டு பேருக்கும் இருந்திருக்கு. அதனால உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். வந்தே தீரும்னு அர்த்தமில்ல. உங்க பையன் சொன்ன பரிசோதனையும் இருக்கு. ஆனா அதுவும் வரும், வராதுன்னு எழுதிக் கொடுக்காது. அந்த ஜீன் இருந்தும் கடைசிவரைக்கும் தெளிவா இருந்தவங்க உண்டு, இல்லாமலே மறந்தவங்களும் உண்டு. சுகரைக் கட்டுல வைங்க, நடங்க, நல்லாத் தூங்குங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"இப்ப எனக்கு அந்த நோய் இல்லன்னு வச்சுக்கிடவா?"

"இருக்குன்னு சொல்ல மாட்டேன். இல்லன்னு சொல்லவும் எனக்கு உரிமையில்ல."

அவரும் மீராளும் திரும்பி வந்த பஸ் பாளையங்கால்வாயைத் தாண்டியது. பிறகு சிராஜுதீன் சொன்னார்: "ஜீன் பாக்க வேண்டாம் மீரா. விதிச்சவன் விதிச்சிட்டான். சுகரக் குறைக்கது என் வேல, அத நான் செய்யுதேன். சல்மானுக்கு வேணும்னா அவன் பாத்துக்கிடட்டும். பயந்து மறைச்சேன்னு மட்டும் அவன் நெனைச்சிரக்கூடாது, டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவன்ட்ட சொல்லிரு."

இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஜமாஅத் செயலாளர் ரசீதைப் பார்க்கப் போனார். ரசீத் மீராளின் அண்ணன். மைக் அறைக்கு உள்ள இரண்டு சாவியில் ஒன்றை எடுத்து சிராஜுதீன் அவர் முன் வைத்தார்.

"என்ன மச்சான் இது? வேலைய விட்டுட்டீங்களா?"

"விடல. இன்னொரு சாவி என்ட்டதான் இருக்கு. தினமும் மீராள் பாங்கக் கேப்பா. தப்பு வந்தா என்ட்டயும் சொல்லுவா, ஒங்கள்ட்டயும் சொல்லுவா. பூட்ட வேண்டிய நாள் வந்துச்சுன்னா என் மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் பூட்டுங்க. எனக்குப் புரியாமப் போனாலும் சொல்லிருங்க. சாவி தொலைஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அந்தப் பதினொரு நாளும் தெருவில் இருந்து பார்த்தவர்தான் ரசீத். கேலி செய்ய வாயெடுத்தவர், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று அஸர் பாங்கு ஒலித்தபோது மீராள் கையிலிருந்த இலையைச் சுருட்டாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள். 'வெற்றியின் பக்கம் வாருங்கள்' என்ற வரி இரண்டு தடவை முடிந்தது. சிறிது இடைவெளி, விடியல் வரி வருகிற இடம் அதுதான். அடுத்தது அல்லாஹு அக்பர்தான் வந்தது. பதிலை முணுமுணுத்துவிட்டு அவள் இலையைச் சுருட்டினாள்.