அதானா நகரில் காணாமற்போன காலணிகள்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற நாள்முதல் எங்கள் மாதா கோயில் பங்கின் திருவிழா மலருக்கு நானே ஆசிரியர். தூத்துக்குடியில் பழைய கல்வெட்டில் ஐயம் எழுந்தால் என்னிடம்தான் வருவார்கள். துருக்கிக்குத் திருயாத்திரை போய் வரும்வரை என் சொல்லை எவரும் மறுத்ததில்லை.

அதானா, சைஹான் ஆற்றுச் சமவெளியில் பருத்தியால் செழித்த நகரம். ரோமர் காலத்துக் கல்பாலம் இன்றும் ஆற்றைக் கடக்கிறது. கரையில் ஆறு மினாராக்களோடு பெரிய பள்ளிவாசல். அதனுள் செல்லுமுன் கழற்றிய காலணிகள், திரும்பியபோது வைத்த இடத்திலேயே இருந்தன. பிறகு நகருக்குள் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனோம். உச்சியிலுள்ள மாதா சுரூபம் கீழிருந்து பார்க்கக் குழந்தைபோல் தெரிவதால், ஊரார் அதைக் குழந்தைக் கோயில் என்கிறார்கள். அங்கே எவரும் காலணி கழற்றவில்லை, நான் கழற்றினேன். மாதா முன் செருப்போடு நிற்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. செபித்துவிட்டு வந்தபோது படியில் காலணிகள் இல்லை. காலுறையோடு பேருந்து ஏறினேன்.

எங்கள் யாத்திரைக் குழுவில் ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினீயர் ஒருவர் இருந்தார். ஊர் திரும்பிய வாரமே மில்லர்புரம் தேநீர்க் கடையில் அவர் கதை சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"ஏலே, நம்ம வாத்தியாரு பள்ளிவாசல கோயில்னு நெனச்சு முட்டுக்கால் போட்டு சிலுவை போட்டுட்டாருலே! நான் பக்கத்துலதான் நின்னேன். சப்பாத்தப் புடுங்கிட்டுத் தொரத்திட்டானுவ!"

கடை சிரித்தது. பெயர் கெட்டது எனக்கு மட்டுமன்று. பள்ளிவாசலில் எங்களை மரியாதையாக உள்ளே விட்டவர்களுக்கும்தான். அதானா பற்றிய கட்டுரையை என்ஜினீயரே எழுதட்டும் என்று மலர்க் குழுவினர் பேசத் தொடங்கினர்.

நானோ யாத்திரை சென்றவர்களின் கூட்டத்தில் அவரே சிறப்புரை ஆற்ற வேண்டும் என்று முன்மொழிந்தேன். அழைப்பிதழில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்தேன். மனைவி மக்கள், சம்பந்தி வீட்டார் என அனைவரையும் அழைத்து வந்தார். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

அதே கதையைச் சொல்லி அவர் பேசி முடித்ததும் எழுந்தேன்.

"என் பக்கத்தில் நின்றதாகச் சொன்னீர்கள். அந்தப் பள்ளிவாசலுக்கு எத்தனை மினாரா?"

"நாலு சார். நாலு மூலைக்கும் நாலு."

"ஆறு. அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

அவர் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து எங்கள் குழுவில் வந்த மீன் வியாபாரி குரல் கொடுத்தார்.

"எங்கூட கபாப் கடையிலதான் இருந்தாரு! அண்ணாச்சி மினாராவ எங்க எண்ணுனாரு, கறி குத்துன கம்பியத்தான எண்ணுனாரு!"

மண்டபமே சிரித்தது. என்ஜினீயருடைய சம்பந்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கும்வரை நான் உட்காரவில்லை. ஞாயிறன்று பூசை முடிந்து வாசலில் என்ஜினீயர் என் கையைப் பற்றி, "தப்புதான் சார், மன்னிச்சிருங்க" என்றார். கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன்.

நாங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னிக்கவில்லை.