தொடாத மூலை

ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வளர்க்க ஆசை; புதுத் தொட்டி வாங்க வசதியில்லை. மேலப்பாளையத்தில் ஒருவர் பழைய தொட்டி விற்கிறார் என்று கேட்டுப் போனேன். நான் மாடியில் குடியிருப்பவன். தொட்டி ஒழுகினால் கீழே வீட்டுக்காரர் தலையில்தான் விழும். பிறகு மீனுக்கும் சேர்த்து வேறு வீடு பார்க்க வேண்டும்.

விற்பவர் வெள்ளைத் தாடியும் இடுப்பில் கட்டம் போட்ட சாரமுமாக இருந்தார். பேசும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் கண்ணாடிகளை ஒட்டிய பசைமேல் ஓடியது. மூன்று மூலைகளைத் தடவும். நாலாவதற்குப் பக்கத்தில் போய்த் திரும்பிவிடும்.

“பாய், அந்த மூலையில என்ன கோளாறு?”

“கோளாறு ஒண்ணுமில்ல வே.”

“பின்ன ஏன் தொடமாட்டேங்கிய?”

அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார். பசையில் ஒரு குட்டி விரலின் ரேகை பதிந்திருந்தது.

“ஒட்டும்போது எம்மக வச்சது, காயுமுன்ன. தேஞ்சிரப்படாதுல்லா?”

ஒழுகலை மறைக்க இப்படியும் கதை கட்டுவார்களோ என்று யோசித்தபடியேதான் தூக்கிவந்தேன்.

இப்போது மீன்கள் மணலைத் தோண்டிக் கல்லை உருட்டும்போதெல்லாம் ஓடிப்போய், அந்த மூலைக்கு அடியில் விரித்த தினத்தாளைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் கிடக்கிறது. சந்தேகம் மட்டும் போகவில்லை. ஆனாலும் உள்பக்கம் துடைக்கும்போது என் கையும் அந்த மூலைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிவிடுகிறது.