நானூறு மேடம் போட்ட கையெழுத்து

எங்கள் விதைப் பரிசோதனை நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் நானூறு. விற்பனைக்குப் போகிற விதைநெல் எதுவானாலும் அதிலிருந்து நானூறு விதை எடுப்பார். ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி முளைப்புப் பெட்டிக்குள் நிறுத்துவார். பதினான்காம் நாள் பிரித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுவார். எண்பது சதவீதம் முளைத்திருந்தால் சான்று உண்டு. ஒன்று குறைந்தாலும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக இதுதான் அவர் வேலை. நான் அந்த நிலையத்தின் ஜீப் டிரைவர்.

அவர் எண்ணிக்கையில் சந்தேகப்பட்டு மேலிடத்தில் மறுபரிசோதனை கேட்டவர்கள் மூன்று பேர். மூன்று முறையும் மூக்குடைபட்டுத் திரும்பினார்கள். அந்தப் பெருமை மேடத்துக்கு நிறையவே இருந்தது. வீட்டில் மாத்திரை டப்பாவைக்கூட எண்ணாமல் மூடமாட்டார் என்று அவர் கணவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மேடத்துக்குச் சிரிப்பு வராது. "எண்றதுல என்ன சிரிப்பு?" என்பார்.

அப்புறம் நோய் வந்தது. தெருக்கள் காலியாயின. எங்கள் விதையில் மூன்றில் ஒரு பங்கு கப்பலில் வரும். அனுப்புகிற நாடு, முதலில் தன் ஜனங்களுக்கு என்று சொல்லி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இங்கே நகரத்து ரேஷன் கடைகளில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு ஆணைகள். கிடங்கில் வைத்து ஆறப்போட நேரமில்லை, அறுத்த நெல்லை அப்படியே விதைக்கு அனுப்புங்கள் என்றது ஒன்று. பரிசோதனையில் தேறாத விதையை உடனே அரைத்து ரேஷனுக்குக் கொடுங்கள், மறுபரிசோதனை கிடையாது என்றது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். டிரைவரின் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

பதினான்காம் நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஊரடங்கில் எங்களுக்கு வாரம் இரண்டு நாள்தான் அனுமதி, அதுவும் மத்தியானம் வரை. மேடம் இரட்டை முகக்கவசம், தடித்த ரப்பர் கையுறை சகிதம் பதினொரு மாதிரிகளை எண்ணித் தீர்க்கவேண்டியிருந்தது. அதில் ஒன்று பெரிய குவியல், ஆயிரத்து நூறு மூட்டை. நானூற்றில் முளைத்தது இருநூற்று முப்பத்திரண்டு. பாக்கி நூற்று அறுபத்தெட்டுக்கு நேரே 'செத்த விதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளைச் சுருட்டிக் கழிவு வாளியில் போட்டார். நான் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். நானும் அவசரப்படுத்தியவன்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்த அஞ்சு நிமிஷத்தில் உள்ளேயிருந்து, "அண்ணே!" என்று ஒரு குரல். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன்.

மேடம் தரையில் உட்கார்ந்திருந்தார். துப்புரவு அம்மா வராததால் வாளி அப்படியே இருந்தது. மூன்று நாள் மூடிய அறை, அழுகல் வாடை, வாளிக்குள் கைவைத்தால் சுடுகிற அளவுக்குப் புழுக்கம். மேலே கிடந்த தாளை அவர் மடியில் பிரித்துவைத்திருந்தார். செத்துப்போனதாக எழுதிய விதைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

"உயிரோடதான் இருந்திருக்கு அண்ணே" என்றார். கையுறையை எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை, வெறுங்கையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். "புதுநெல்லு. அறுத்த உடனே விதை கொஞ்ச நாள் தூங்கும். முளைக்காது. சூடு காட்டித்தான் எழுப்பணும். சீட்டுல அறுத்த தேதி இருந்துச்சு. நான் பார்க்கலை."

"செத்ததுக்கும் தூங்குறதுக்கும் வித்தியாசம் தெரியாதா மேடம்?"

"விரலால அழுத்தினா தெரியும். செத்தது கூழாப் போகும். தூங்குறது கல்லு மாதிரி நிக்கும். அந்தக் கையுறைல எனக்கு ஒண்ணும் தெரியலை. தெரியலைன்னா கழட்டிப் பார்த்திருக்கணும். நோய்க்குப் பயந்தேன், நேரமாச்சுன்னு பறந்தேன்."

நூற்று அறுபத்தெட்டில் நூற்று முப்பத்தொன்று முளைத்திருந்தது. ஆக மொத்தம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். முதல்தரமான விதை. அது நேற்றே மில்லுக்குப் போய்விட்டது. விதைப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதை விட்டால் வேறு விதையும் இல்லை.

மில்லில் போனை யாரும் எடுக்கவில்லை. நேரே கிளம்பினோம், நாற்பது நிமிஷத் தூரம். மில்லை நெருங்கும்போது பாலத்தருகே போலீஸ்காரர் மறித்தார். எங்கள் அனுமதிச் சீட்டு நிலையம் வரைக்கும்தான் செல்லும். மேடம் ஈரத்தாளை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சார், இதை இப்ப அரைச்சுட்டிருக்காங்க. இது போச்சுன்னா அடுத்த வருஷம் அறுக்க ஒண்ணும் இருக்காது."

அவர் தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துல இந்தப் பக்கமே திரும்பணும். இல்லன்னா வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்" என்று தடுப்பை நகர்த்தினார்.

மில்லுக்கு வெளியே ரேஷன் வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் பையும் கையுமாக ஜனங்கள். உள்ளே இயந்திரம் போட்ட சத்தத்தில் கத்தித்தான் பேச முடிந்தது. மில் மேனேஜர் மேடத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க ரிப்போர்ட்டை வெச்சுத்தான் அரைக்கிறோம் மேடம்."

"அது தப்பு. நிறுத்துங்க."

"வாயால சொன்னா நிறுத்த முடியுமா? ஆர்டர் குடுங்க. வெளியில நிக்கிறவங்களைப் பார்த்தீங்கல்ல? நான் நிறுத்தினா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? நீங்க வந்து சொல்றீங்களா?"

ஒரு மூட்டை எங்கள் கண்முன்னாலேயே பிரிந்து தொட்டியில் கொட்டியது. மேடம் எங்கள் துறை இயக்குநருக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாரோ, சத்தத்துக்காக வைத்தாரோ தெரியாது.

"பத்தொன்பது வருஷ சர்வீஸ் உங்களுக்கு" என்றார் இயக்குநர். "முளைப்புப் பெட்டி ரிப்பேர்னு எழுதிக் குடுங்க. யாருக்கும் வம்பில்லாம நிறுத்திடலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மேடம் மாட்டேன் என்று தலையை ஆட்டினார், போனுக்குத் தெரியாது என்பதை மறந்து.

"பெட்டி ரிப்பேர்னா அதுல வெச்ச மத்த பத்து மாதிரியும் செல்லாது சார். அந்த விதையும் நின்னுடும். திரும்பப் பார்க்கப் பதினாலு நாளாகும். விதைப்பு போயிடும்."

"அப்ப என்ன எழுதப்போறீங்க?"

"என் தப்புன்னு."

"யோசிச்சுக்குங்க. விசாரணை வரும். வேலைக்கே உலை வைக்கும்."

ஜீப்பின் முன்மூடியில் தாளை வைத்து எழுதினார். பேனாவை அழுத்தியதில் முதல் தாள் கிழிந்தது, என் டிரிப் நோட்டிலிருந்து இன்னொன்று கிழித்துக் கொடுத்தேன். 'விதை உறக்கத்தைக் கவனிக்கத் தவறினேன். உயிருள்ள விதையைச் செத்தது என்று பதிவு செய்தேன். தவறு என்னுடையது. இயந்திரம் நன்றாக உள்ளது.' கையெழுத்து. போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆணை திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் இயந்திரம் ஓடியது. ஒவ்வொரு மூட்டையும் பிரியப் பிரிய மேடம் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இயந்திரம் நின்றபோது அறுநூற்று நாற்பது மூட்டை மிச்சம். நானூற்று அறுபது அரிசியாகிப் போயிருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்களிடம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று மேனேஜர் சொன்னார். பின்னால் நின்ற பாதிப்பேர் காலிப் பையோடு போனார்கள். எங்கள் ஜீப் அவர்களை ஒட்டித்தான் போகவேண்டியிருந்தது. மேடம் குனியாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் கிடங்கில் விதை கொடுத்தார்கள். மேடத்தின் மேல் விசாரணைக்கு உத்தரவாகியிருந்தது, வரவேண்டாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். என்னை வீட்டுக்கு வரச்சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டார். மத்தியானத்துக்குள் மூட்டை தீர்ந்துவிட்டது. டோக்கனோடு இன்னும் ஒரு நீள வரிசை நின்றது. "நோய்த்தொற்று காரணமாக விதைத் தட்டுப்பாடு" என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது.

வரிசையின் முதலில் ஒரு விவசாயி அம்மா. ஒரே மூட்டை வித்தியாசத்தில் விதை கிடைக்காமல் போனவர். டோக்கனைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மேடம் ஜீப்பிலிருந்து இறங்கினார். வேண்டாம் மேடம் என்றேன், காதில் வாங்கவில்லை.

"நோயால இல்லம்மா" என்றார் அந்த அம்மாவிடம். "உங்க விதை இருந்துச்சு. நான்தான் செத்துப்போச்சுன்னு எழுதி மில்லுக்கு அனுப்பிட்டேன். என் தப்பு."

அந்த அம்மா திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மேடத்தின் முகத்தையே பார்த்தார்.

"ஏர் ஓட்டித் தண்ணி கட்டி வெச்சிருக்கேன்" என்றார். "நீங்க விதையைப் பத்திப் படிச்சவங்கதானே. சொல்லுங்க, இப்ப அதுல நான் என்னத்தைப் போட?"