பஞ்சு கோடவுன் சந்தின் கல்பாலம்

ஜேசிபியின் பக்கெட் இரும்பில் மோதிய சத்தம் கேட்டபோது, சந்தின் மறுமுனையில் தேநீர் டம்ளரோடு நின்றிருந்தேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

"மேடம், கம்பியில்லை இது. தண்டவாளம்!" என்று கம்பம் ஊர்க்காரரான ஓட்டுநர் பாய் மேலிருந்து கத்தினார்.

தேனி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பஞ்சு மூட்டைகள் அடுக்கிய பழைய கோடவுன்கள் வரிசையாக இருந்த சந்து அது. ரயில் ஊருக்குத் திரும்பி வந்தபின் அந்த இடத்துக்கு மவுசு கூடிவிட்டது. கோடவுன்களை இடித்துவிட்டுக் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும் சாக்கடையும் கட்டும் வேலையை எங்கள் காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். நான் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தவள். ஓடைப்பட்டியில் பிறந்து, கட்டிக்கொண்டு அல்லிநகரத்துக்கு வந்தவள். அந்த வேலையில் நான்தான் சைட் சூப்பர்வைசர்.

கைகளாலேயே மண்ணைத் தள்ளினேன். துருவேறிய தண்டவாளம் ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. டேப்பைப் போட்டு அளந்தேன். சரியாக ஒரு மீட்டர். அகல ரயில் பாதை வருவதற்கு முன்னால் ஓடிய சின்ன ரயிலின் அளவு. நிலையத்திலிருந்து கோடவுன் வாசல் வரைக்கும் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வர ஒரு கிளைப்பாதை போட்டிருக்கிறார்கள்! அதன்மேல் மண்ணும் தாரும் ஏறி, ஊரே அதை மறந்துவிட்டிருந்தது.

காண்ட்ராக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "இழுத்து ஓரமாப் போடு. வேலை நிக்கக் கூடாது."

"அண்ணே, ரயில்வே பொருளா இருக்கும். கேக்காமத் தொட்டா வம்பு."

வம்பு என்ற சொல் அவரிடம் வேலை செய்யும். நிலையத்துக்குக் கடிதம் கொடுக்க ஆளை அனுப்பினார். பதில் வரும்வரை தண்டவாளத்தைத் தொடாமல் மற்ற வேலைகளைப் பார்க்கச் சொன்னார்.

அந்த இடைவெளியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. சாக்கடை விஷயத்தில் எனக்கு முதலிலிருந்தே ஒரு குடைச்சல் இருந்தது. வரைபடத்தில் சாக்கடை பெரிய ரோட்டை நோக்கிப் போனது. நான் லெவல் எடுத்துப் பார்த்தபோது, தண்ணீர் வெளியேற வேண்டிய இடம் சந்தின் நடுப்பகுதியைவிட ஒரு முழம் மேட்டில் இருந்தது. சொன்னேன். "டிராயிங்ல உள்ளபடி போடு" என்று காண்ட்ராக்டரிடமிருந்து பதில் வந்தது. சந்தின் கடைசியில் மாவு மில் வைத்திருந்த அக்கா மட்டும் சிரித்தார்.

"தண்ணி என்ன மாடிப்படி ஏறியா போகும்? ஒவ்வொரு ஐப்பசிக்கும் எம் மோட்டார் முங்கிப் போகுது. நீங்களும் வந்து கட்டிட்டுப் போங்க."

இப்போது தண்டவாளத்தைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி எழுந்தது. சந்தின் நீளத்துக்கும் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல்தான் தண்டவாளம் போட்டிருந்தார்கள். தெற்கிலிருந்து வரும் மழைத் தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டி எப்படிப் போயிருக்கும்? ரயில் பாதை போடுகிறவர்கள் தண்ணீருக்கு வழி விடாமல் மண்ணைக் கொட்ட மாட்டார்கள். எங்கேயோ ஒரு பாலம் இருந்தாக வேண்டும்.

மத்தியானம் மில்லில் உட்கார்ந்து சாப்பிடும்போது இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"இரு ஆத்தா. எங்க வீட்டுக்காரர் இருக்கையில, நம்ம பத்திரத்துல ரயிலுன்னு ஏதோ எழுதியிருக்குன்னு சொல்லுவாக. நான் அதை நம்புனதே இல்லை."

தகரப் பெட்டியிலிருந்து மஞ்சளேறிய பத்திரம் வந்தது. மில் இருந்த மனைக்கு நான்கு பக்க எல்லையும் எழுதியிருந்தார்கள். மேற்கு எல்லையைச் சொல்லும் வரியில் என் விரல் நின்றுவிட்டது. மில் கட்டடத்தின் மேற்குச் சுவர், 'ரயில் பாதைக் கல்பாலத்துக்குக் கிழக்கே நாற்பதடியில்' இருப்பதாக எழுதியிருந்தது. அந்த வரியை நான்கு தடவை வாசித்தேன். அக்காவின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

"எனக்கு ஒரே ஒரு நாள் கொடுங்கண்ணே" என்று காண்ட்ராக்டரிடம் கெஞ்சினேன்.

"பொதையல் தேடுறியா? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தோண்டு. தண்டவாளத்துல கீறல் விழக் கூடாது. ஒண்ணும் இல்லேன்னா டிராயிங்படி சாக்கடையைப் போடணும். மறுபேச்சு பேசக் கூடாது."

மறுநாள் காலையில் மில்லின் மேற்குச் சுவரிலிருந்து நாற்பதடி அளந்து, தண்டவாளத்துக்குத் தெற்கே சுண்ணாம்புக் கோடு போட்டேன். பாய் இஞ்சினை மெதுவாக இயக்கி, கரண்டியில் அள்ளுவதுபோல மண்ணை அள்ளினார். இரண்டடி. நான்கடி. ஆறடி. கரிசல் மண்ணும் உடைந்த செங்கலும்தான் வந்தன. பத்து மணி ஆயிற்று. பதினொன்றாயிற்று. காண்ட்ராக்டர் பைக்கில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. பாய் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

அப்போது அக்கா மாவுக் கையோடு பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகக் கேட்டார்.

"எங்கனருந்து அளந்த?"

"உங்க மேற்குச் சுவத்துலருந்து."

"அது..." என்றார். சேலை முந்தானையைத் திருகினார். காண்ட்ராக்டரை ஒரு தடவை பார்த்தார். "அது நாங்க பின்னாடி இழுத்துக் கட்டுன ஷெட்டு. பழைய சுவரு உள்ளுக்குள்ள இருக்கு. பத்தடி இருக்கும்."

பொது இடத்தில் பத்தடி இழுத்துக் கட்டியதை, அந்தச் சந்தில் வேலை எடுத்திருப்பவர்கள் முன்னாலேயே அவர் வாய்விட்டுச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"பாய்! பத்தடி மில் பக்கம் தள்ளித் தோண்டுங்க!"

நான்காவது அள்ளலிலேயே பக்கெட் கல்லில் உரசியது. பாய் இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தார். நானும் குழிக்குள் இறங்கினேன். கடப்பாரையாலும் கையாலும் மண்ணைச் சுரண்டினோம். கொத்திய கருங்கல் ஒன்று, அதையொட்டி இன்னொன்று, அடுத்தது சற்று சாய்ந்து. வளைவு! கல்லை வளைத்துக் கட்டிய பாலத்தின் நெற்றி அது.

"அல்லா! அப்படியே கிடக்கு பாருங்க மேடம்" என்றார் பாய். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். காண்ட்ராக்டர் குழியின் விளிம்பில் வந்து குந்தி உட்கார்ந்து, குனிந்து பார்த்தார். பிறகு, "உள்ளுக்குள்ள அடைச்சிருக்கும். ஆளு போடுவோம்" என்றார். மத்தியானக் கெடுவைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

உள்ளே கழுத்து வரைக்கும் வண்டல். தெற்கு வாயிலிருந்து ஆட்கள் குனிந்து குனிந்து வாரி எடுத்தார்கள். வடக்கு வாய் சீமைக்கருவேல முள்ளுக்குள் புதைந்திருந்தது. அதற்கு அப்பால் பழைய ஓடையின் தடம் தெரிந்தது. மூன்று நாள் வேலை என்று கணக்குப் போட்டிருந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, மேற்கு மலை பக்கம் வானம் கறுத்து, மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

ஆட்கள் மேலே ஏறி ஓடினார்கள். பத்தே நிமிடத்தில் சந்தில் கணுக்கால் தண்ணீர். அடுத்த பத்து நிமிடத்தில் மில்லின் படியைத் தொட்டது. அக்கா மோட்டாரைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கினார். தெற்கு வாயில் நுழைந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே சுழன்றது. வடக்கு வாயில் இன்னும் ஓராள் கனத்துக்கு மண் அடைத்திருந்தது.

பாய் யாரையும் கேட்கவில்லை. மழையிலேயே வண்டியைச் சுற்றிக்கொண்டு காலி மனை வழியாக வடக்குப் பக்கம் போனார். நான் குடையை எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினேன். கண்ணாடியில் மழை அடித்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. நான் முன்னால் நின்று கையைக் காட்டினேன்.

"இங்கன! இன்னும் கீழ! கல்லுல படாம!"

முள்ளோடு சேர்த்து ஒரு பக்கெட் மண். இன்னொன்று. மூன்றாவது பக்கெட்டைத் தூக்கியதும் பாலத்துக்குள்ளிருந்து மாடு தண்ணீர் உறிஞ்சுவதுபோல ஒரு பெரிய சத்தம் வந்தது. "வெலகு ஆத்தா!" என்று பாய் கத்தினார். மேடம் போய் ஆத்தா ஆகிவிட்டேன். நான் பக்கவாட்டில் பாய்ந்ததும், கறுப்புத் தண்ணீர் மண்ணையும் பாலித்தீன் பைகளையும் தள்ளிக்கொண்டு வெளியே பீறிட்டது. ஓடைத்தடத்தில் விழுந்து, தனக்குத் தெரிந்த வழியில் போவதுபோலத் திரும்பி ஓடியது.

சந்துக்கு ஓடி வந்தேன். படியைத் தொட்ட தண்ணீர் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா தெருவில் நின்று, "போகுது! போகுது!" என்று கைதட்டினார். நனைந்த கோழியாக இருந்த என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டை முழுக்க மாவு அப்பிக்கொண்டது.

அடுத்த வாரம் ரயில்வேயிலிருந்து வந்து தண்டவாளத்தை எடுத்துப் போனார்கள். வரைபடத்தைத் திருத்த அதிகாரிகளும் வந்தார்கள். காண்ட்ராக்டர் அவர்களிடம், "நம்ம பொண்ணுதான் கண்டுபிடிச்சா" என்று பத்து தடவையாவது சொன்னார். சாக்கடை பெரிய ரோட்டை விட்டுப் பாலத்தை நோக்கித் திரும்பியது. அக்காவின் ஷெட்டை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆள் வருவதற்கு முன்பே அவரே தகரத்தைக் கழற்றிவிட்டார். "பத்தடி போனாப் போகுது. இருக்கிறது நனையாமக் கெடந்தாச் சரி" என்றார். ஆனாலும் மாவுச் சல்லடையை எங்கே மாட்டுவது என்று ஒரு மாதம் புலம்பினார்.

தீபாவளி முடிந்து ஊரே மிதக்கும்படி ஒரு மழை பெய்தது. காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது.

"எங்கன இருக்க? இன்னும் படுத்தா கெடக்க? இங்கன வந்து பாரு, மில்லுத் தரை காஞ்சு கெடக்கு. மோட்டாரைப் போட்டுட்டேன், சத்தம் கேக்குதா?"

கேட்டது. தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.