கையெழுத்துப் போடாத அக்கா

எங்கள் தெருவில் குட்டி போட்டிருந்த ஒரு நாயின் மேல் யாரோ ஒரு புண்ணியவான் வெந்நீரை ஊற்றிவிட்டார். அவர் வீட்டு கேட்டருகே படுத்திருந்தது, அதுதான் அது செய்த குற்றம். முதுகுத் தோல் உரிந்து தொங்க, அது குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. புகார் கொடுக்கப் போனேன். ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் பேசினார்கள். "எப்படியும் ஐம்பது ரூபா ஃபைன்லதான் மேடம் முடியும். சட்டம் அப்படி."

அப்படியானால் சட்டத்தை மாற்றச் சொல்வோம் என்று கிளம்பிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கால் ஓரிடத்தில் நிற்காது. மிருகவதைக்குத் தண்டனையைக் கூட்டச் சொல்லி தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு எழுதினோம். கையெழுத்து வாங்க ஆளுக்குக் கொஞ்சம் தாள்களைப் பிரித்துக்கொண்டோம். நான் என் பங்கை, தினமும் தாம்பரத்தில் ஏறி வேலைக்குப் போகிற பீச் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நீட்டினேன். பூக் கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள், தூங்கி விழுகிறவர்கள் எல்லாரும் "பாவம், வாயில்லா ஜீவன்" என்று போட்டுக் கொடுத்தார்கள்.

என் ரயில் சிநேகிதி அக்கா மட்டும் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். கூடுவாஞ்சேரியில் ஏறி, தாம்பரம் வரை எனக்காகச் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்து வருகிறவர். என் மாமியார் சண்டை முதல் மாத்திரை வரை அவருக்கு அத்துபடி.

"என் புள்ள நாய் கடிச்சதுல இருந்து தெருவுல இறங்கவே பயப்படறான். ஊசிக்கு எங்கெங்க அலைஞ்சேன்னு உனக்குத் தெரியும். நாய்க்குச் சட்டம் கேக்கறியே, அவனுக்கு எதுனா கேட்டியா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அதுக்காக எல்லா நாய் மேலயும் வெந்நீர் ஊத்தலாமாக்கா?" என்றேன். கம்பார்ட்மென்ட்டே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் எனக்கு இடம் இல்லை. அக்கா கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பல்லாவரம் வரை வீறாப்பாக நின்றேன், மாம்பலத்தில் முழங்கால் வலித்தது. அவரோடு பேசாத அந்த நாட்களில் ஒரு காலை, கம்பியைப் பிடித்து நின்றபடியே அழுதும்விட்டேன்.

நின்றுகொண்டே வந்ததில் அவர் கேள்வி மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது நியாயம். தெரு நாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும், கடிபட்டவர்களுக்கு ஊசி பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே எப்போதும் கிடைக்க வேண்டும் என்று மனுவில் சேர்க்கச் சொன்னேன். "ரெண்டையும் குழப்பாதீங்க" என்று எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள். விடவில்லை, சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அடுத்த நாள் கடைசி சீட்டுக்குப் போய், அக்கா முன்னால் நின்று அதைப் படித்துக் காட்டினேன். மனு கொடுக்கப் போகும் நாளையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்டியா?" என்றார். அவ்வளவுதான். தாளை நான் நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

எம்.பி. அலுவலகத்துக்குப் போனால் வாசலில் அக்கா நிற்கிறார்! லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே உதவியாளர் மனுவைத் தொடாமலே சிரித்தார். "நாய் கடிச்சு ஜனங்க அல்லாடறாங்க, நீங்க நாய்க்கு மனு எடுத்துட்டு வரீங்களேம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார். "கடிபட்டது என் புள்ளதான் சார். நானே சொல்றேன், வாங்கிக்குங்க." உதவியாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு மனுவை இரண்டு கையாலும் வாங்கினார். டெல்லியில் அதைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தால் படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா நகம் பதிய என் கையைப் பிடித்துக்கொண்டார். புடவையைத் தூக்கிப் பிடித்து, அதன் வாலை மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தார்.