நாசரின் நாக்கும் ஈயமும்

இப்போது அறுபதைத் தொடப்போகிற ஸ்கூட்டர் மெக்கானிக் நாசரின் நாக்குக்குக் காரைக்குடியில் ஒரு காலத்தில் தனி மரியாதை. பெட்ரோல் டேங்கில் விட்ட ட்யூபை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார், துப்புவார், "மண்ணெண்ணெய் கலந்திருக்கு" என்பார். பங்க் முதலாளிகளே அவரைக் கண்டால் வணக்கம் வைப்பார்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டில் பங்க்குகளில் 'ஈயம் இல்லாத பெட்ரோல்' என்று பலகை மாட்டினார்கள். நாசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஈயச் சொம்பில் வைத்த ரசத்தில் வளர்ந்த மனுஷர் அல்லவா! ஒரு வாய் இழுத்துப் பார்த்துவிட்டு, "சப்புனு இருக்கு. எவர்சில்வர்ல வச்ச ரசங்கெணக்கா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழைய பெட்ரோல் இரண்டு கேன் பிடித்துப் பட்டறையில் பத்திரப்படுத்தியும் வைத்தார்.

அப்போது அவர் மனைவி அஜீஸாவுக்கு மூன்றாம் மாதம். முன்பு இரண்டு முறை தங்காமல் போனதால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் யோகலட்சுமி மூக்கைச் சுளித்து, "ஒங்க மேல என்ன பெட்ரோல் வாடை?" என்று நாசரைக் கேட்டார். இவர் தன் நாக்கின் பெருமையை விலாவாரியாக எடுத்துவிட்டார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரசச் சொம்பு வெள்ளீயம். பெட்ரோல்ல இருந்தது காரீயம், விஷம். புகையில வந்து ரோட்டுல போற புள்ளைக மூளையக் கெடுக்கும். ஒங்க துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கும் வரும். வயித்துப் புள்ளையவும் விடாது. அதான் எடுத்துட்டாக."

இருவரும் வீடு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாசர் கேட்டார்: "அந்த ரெண்டும் என்னாலதானா அஜீஸா?"

"அது யாருக்குத் தெரியும்? ஊரே அந்தப் புகையத்தான் குடிச்சுச்சு. ஒங்க ஒருத்தர் தலையில ஏன் போட்டுக்கிறீக?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு.

மறுநாளே கேன்களைப் பங்க்கில் ஒப்படைத்தார். அதன் பிறகு ட்யூபில் வாய் வைக்கவில்லை. பட்டறையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். ஊரில் புகை என்னவோ வழக்கம்போலக் கண்ணை எரித்தது. அதிலிருந்து ஈயம் போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நாசர் மட்டும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மனைவியைக் கூட்டிப்போகும்போது கொஞ்சம் தைரியமாக நடந்தார்.

அந்த வருஷக் கடைசியில் ஃபாயிஸா பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். நாசர் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. பிள்ளையைத் தொடப் பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அஜீஸா அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள்.