ஓட்டுக்கு அடியில் ஒரு முகம்

ஃப்ளெக்ஸ் பேனர் எதைக் கண்டாலும் ஜேசுதாஸ் மாமா முதலில் அதன் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்ப்பார். அதில் நிற்பது மணமக்களா, இறந்தவரா, வேட்பாளரா என்பதெல்லாம் பிறகுதான். நான் பள்ளிக்கூடம் போன நாள்முதல் பார்த்த பழக்கம் இது.

நெய்யூர்ப் பக்கம் ஓட்டு வீடுகளில் ஒழுக்கு அடைப்பது அவர் தொழில். சபைக் கன்வென்ஷன் கூட்டமோ தேர்தலோ முடிந்தால் பேனர்களைக் கேட்டு வாங்கி வருவார். ஓடுகளை இறக்கி, ரீப்பர் கட்டைகள்மேல் பேனரை விரித்து, திரும்ப ஓட்டை அடுக்குவார். வெயில் நேரே பட்டால் பொடிந்து உதிரும் என்று ஓட்டுக்கு வெளியே ஒரு விரற்கடைகூட நீட்டமாட்டார். தீப்பிடிக்கும் என்று அடுப்பங்கரைக்கு மேலே போடவே மாட்டார்.

கல்லூரியில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்த நான் ஒருநாள் கேட்டேன்: “கொஞ்ச வருசம் போனா இதுவும் குப்பைதானே மாமா?”

“ஆமா. அதுக்கு இப்பமே ரோட்டுல போட்டு எரிக்கட்டா?”

அது பதிலா, தட்டிக்கழிப்பா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

போன ஆண்டு ஜூன் மழைக்கு முன் பக்கத்து வீட்டு தேவகனி மாமி அவரைக் கூப்பிட்டார். மகள் பிளஸ்ஸி பிரசவம் முடிந்து பிள்ளையோடு மறுநாள் வருகிறாள். அவள் படுக்க வேண்டிய அறைதான் ஒழுகியது. ஓடுகளை இறக்கிய பிறகுதான் கொண்டுவந்த பேனர் பாதி அறைக்குத்தான் காணும் என்று தெரிந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மாமி உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்தார். இறந்துபோன கணவர் நேசமணியின் அஞ்சலி பேனர்.

ஜேசுதாஸ் மாமா கை நீட்டவில்லை. “வேண்டாம் அக்கா. அண்ணன் சிரிச்சிட்டு நிக்க படம் இது ஒண்ணுதானே?”

“மழ வருது மக்கா. பிள்ள நனையணுமா?”

“செரி. மொகத்த ஓட்டுப் பக்கமா வைக்கேன்.”

“என்னத்துக்கு? கீழ பாத்து வை. பெத்த பிள்ளைய ஒருநாளு தூக்கினது கெடையாது. பேரப்பிள்ளைக்காவது காவலு கெடக்கட்டு.”

“பிள்ள பேடிச்சு அலறிரும் அக்கா!”

“முப்பது வருசம் நான் பேடிக்கல்ல. அது பேடிக்குமா?”

சுருளை வாங்கிக் கூரைமேல் ஏறியபடி மாமா சிரித்தார். முகத்தில் படாமல் ஓரங்களில் மட்டும் ஆணி அறைந்தார். கடைசி வரிசை ஓட்டை வைக்கும்போதே தூறல் விழுந்தது. இறங்கி வந்து, “மழ விட்டதும் வேற ஒண்ணு போட்டு அண்ணன இறக்கித் தாறேன் அக்கா, கேட்டியளா?” என்றார்.

அந்த மழைக்காலம் முடியுமுன்பே நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அறை இப்போதும் ஒழுகவில்லை. ஆனால் ஈரத்தில் நேசமணியின் சட்டைக் காலர் வரை பூஞ்சை ஏறிவிட்டது. ஒட்டடைக் கம்பில் துணி கட்டி மாமி துடைக்கிறார். தக்கலையிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன்.

“இறக்கித் தாறேன்னு சொன்னது அவனாக்கும்,” என்றார் மாமி. “வேற ஒருத்தன் வந்து மொகத்த கிழிச்சுப்போட்டா?”

எனக்கு ஓடுகளைத் தொடக்கூடத் தெரியாது. அடுத்த ஜூன் மழை நெருங்கிக்கொண்டிருக்கிறது.